பாரடே துறந்த செல்வம்

மின்னாற்றலை மக்கள் வாழ்வுக்குப் பயன்படச் செய்த பெருமக்களுள் மைக்கேல் பாரடே தலையாயவர். அவர் கண்ட விதிகளை விஞ்ஞானப் பாடத்தில் மாணவர் கற்பர். தமக்குரிய பணி எதுவென அவர் எங்ஙனம் தேர்ந்தார், அதன்பொருட்டு எவற்றை விலக்கினார், அப்பணியிலேயே ஒருகால் சோர்ந்து வீழ்ந்து எங்ஙனம் மீண்டார் என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் நகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் என்பவர் கொல்லர், உடல்நலம் குன்றியவர். ஆகவே வறுமை அவ்வீட்டில் நிலையாகக் குடியிருந்தது. அக்குடும்பத்தினர் சாண்டிமேனியர் என்னும் சிறிய கிறித்தவ சபையைச் சார்ந்தவர்கள். பொருளைக் குவித்து வைத்தல் தகாது என்பது அச்சபையினரின் கொள்கை. இளமையில் உள்ளத்திற் பதிந்த அக்கொள்கை பாரடேயின் வாழ்நாள் முழுவதும் அவருக்கு வழிகாட்டியாயிற்று.

பதின்மூன்றாம் வயதில் ரிபோ என்னும் புத்தக வணிகரிடம் மைக்கேல் ஏவலாளாகச் சேர்ந்தான். அடுத்த ஆண்டு முதல் ஏழாண்டுகள் புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றான். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படிப்பதும் அவனுக்கு வழக்கமாயிற்று. கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவன் உள்ளத்தைக் கவர்ந்தது. கையிற் கிடைத்த சில காசுகளைக் கொண்டு எளிய கருவிகள் செய்து, நூலிற் கண்டதைத் தானே சோதித்துப் பார்த்தான். 1812ஆம் ஆண்டில், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு கிட்டியது. கேட்டவற்றை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தானே அழகுறக் கட்டி டேவிக்கு அனுப்பினான்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் வேறொருவரிடம் புத்தகம் கட்டும் வேலையில் அமர்ந்தார். கைத்திறனுக்குக் குறைவில்லை, ஆயினும் மனம் அதிற் பொருந்தவில்லை. வணிகம் தன்னலத்தை வளர்ப்பது என்றும், விஞ்ஞானத் தொண்டு நெஞ்சை விரிவாக்குவது என்றும் அவ்விளைஞர் எண்ணினார். அவ்வெண்ணத்தை அறிந்த டேவி புன்முறுவல் பூத்தாராம். விஞ்ஞானிகளின் குணமும் அவருக்குத் தெரியுமன்றோ! எனினும் 1813ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அந்நிலையத்தில் உதவியாளர் பதவி பாரடேக்குக் கிடைத்தது. கிழமைக்கு 25 ஷில்லிங்கு ஊதியம். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். பின்னர் டேவியுடன் ஐரோப்பாவிற் பயணம் செய்தபொழுது பணியாள் போல நடத்தப்பெற்று மனம் நொந்தார்; கற்கும் ஆர்வத்தால் அதனையும் பொறுத்துக்கொண்டார்.

பாரடே தம் வலிமையையும் மெலிவையும் ஒருங்கே அறிந்தவர். கணிதம் அவருக்கு ஏறக்குறைய மூடிய நூலாகவே இருந்தது. அதற்காக அவர் ஏங்கிக் கிடக்கவில்லை. காந்தத்தைச் சூழ இரும்புத் தூள் வளைந்து நிற்கும் காட்சியைக் கொண்டே, விசைக் கோடுகள் என்னும் அரிய கருத்தை அமைத்தார்; மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் பின்னாளில் அதற்குக் கணித வடிவம் தந்தார். நினைவாற்றல் குறைவென்பதை உணர்ந்து ஒவ்வொரு சோதனையையும் அன்றன்றே எழுதி வைத்தார். அக்குறிப்பேட்டில் எண்ணிட்ட பத்திகள் மட்டும் 16,041 உள்ளன.

உள்ளம் ஒன்றாத பணியும் அவர்மேற் சுமந்தது. தொலைநோக்கிக்கு ஏற்ற சிறந்த கண்ணாடி காணும் பொறுப்பு 1825ஆம் ஆண்டையொட்டி அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. உலையும் புகையுமாக ஆண்டுகள் கழிந்தன, விளைவோ சிறிது. 1831ஆம் ஆண்டின் நடுவில் அப்பணியிலிருந்து விடுதலை வேண்டினார். அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையமொன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி ஆய்ந்தார். ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும் மற்றதனோடு இணைந்த காந்த ஊசி அசைந்தது. அக்டோபரில், சுருளினுள் காந்தத்தை விரைந்து நுழைத்தபொழுதும் மின்னோட்டம் தோன்றியது. இக்காலத்து மின்னாக்கிகள் யாவும் இவ்வுண்மையின் வழிவந்தனவே.

இந்நிலையில் அவர் முன்னே இரு வழிகள் கிடந்தன. தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை கூறியும் பொருள்களைச் சோதித்துத் தந்தும் 1830ஆம் ஆண்டில் அவர் ஈட்டியது 1,000 பவுனுக்கு மேல். நிலையம் தந்த சம்பளமோ ஆண்டுக்கு 100 பவுன். முயன்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். அவரோ அத்தகைய வேலைகளைப் படிப்படியே விலக்கினார். 1832ஆம் ஆண்டில் அவ்வருவாய் 155 பவுனாகக் குறைந்தது. 1838ஆம் ஆண்டில் அறவே நின்றது. விருந்துகளையும் தவிர்த்தார், கிழமையில் மூன்று நாள் எவரையும் காண்பதில்லை என்றும் வரையறுத்துக்கொண்டார். மனைவியார் சாராவும் எளிய வாழ்வையே விரும்பியவராதலின் இல்லத்தில் இதனாற் பூசல் விளையவில்லை. பாரடே புறப்பணி அனைத்தையும் வெறுத்தார் என எண்ணுதல் தவறு. கடலிற் செல்வோரைக் காக்கும் கலங்கரை விளக்கங்களுக்கு 1836ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆலோசகராக விளங்கினார். மூப்பிலும் கடற்கரைக்குச் சென்று விளக்கொளியை ஆய்ந்தார். அப்பணி அவர் நெஞ்சுக்கு உகந்ததாயிருந்தது.

ஆனால் உகந்த பணியும் அளவு மீறினால் உடலை வருத்தும். 1831 முதல் எட்டாண்டுகள் ஓய்வின்றி உழைத்த பாரடே 1839ஆம் ஆண்டின் இறுதியில் தளர்ந்து வீழ்ந்தார். தலை சுழன்றது, நினைவு தடுமாறியது. மருத்துவர் ஓய்வு கட்டாயம் என்றனர். விருப்பமுள்ளவனுக்குக் களைப்பே இல்லை என்பாரை இவ்வரலாறு மறுக்கின்றது. 1841ஆம் ஆண்டில் மனைவியாரோடு சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். மூளை களைத்திருந்ததேயன்றிக் கால்கள் களைக்கவில்லை. நாளொன்றுக்கு 30 மைல் நடந்த நாள்களும் உண்டு. இன்டர்லாக்கன் என்னும் ஊரில் ஆணி அடிக்கும் கொல்லர்களைக் கண்டு நெடுநேரம் நின்றார். தம் தந்தையாரின் பட்டறை நினைவுக்கு வந்ததாம்.

மெல்ல நலம்பெற்றுத் திரும்பியவர், 1845ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வியத்தகு உண்மையொன்றைக் கண்டார். ஒரே தளத்தில் அதிரும் ஒளிக்கதிரைக் கண்ணாடித் துண்டொன்றினூடே செலுத்தி, அருகில் வலிய மின்காந்தத்தை இயக்கினார். கதிரின் தளம் சிறிது திரும்பியது. ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவுண்டென்பது அன்று புலனாயிற்று. அக்கண்ணாடி எது? முன்னர் மனமின்றி ஆண்டுக்கணக்கில் உலையில் உருக்கிச் செய்த, ஈயங் கலந்த அதே கனத்த கண்ணாடி!

பெரும்பதவிகள் அவரை நாடி வந்தன. ராயல் சொசைட்டியின் தலைமையை ஏற்க மறுத்தார். சர் என்னும் பட்டத்தையும் விரும்பவில்லை. சிறுவர்க்கு விஞ்ஞானம் கூறும் பணியை மட்டும் பெருமகிழ்வோடு ஏற்றார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் நடத்திய சொற்பொழிவு வரிசைகள் 19. 1860ஆம் ஆண்டின் இறுதியில் மெழுகுவத்தியைப் பற்றிப் பேசியதே அவற்றுள் கடைசி வரிசை.

முதுமையில் நினைவு மேலும் மங்கவே, பிறர் சொல்லும்வரை காத்திராமல் பொறுப்புகளை ஒவ்வொன்றாகத் தாமே துறந்தார். விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த இல்லத்தில், 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் உயிர் பிரிந்தது. அவர் விரும்பியவாறு ஆரவாரமின்றி ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்தனர். அவ்விடத்தில் எளிய கல்லொன்று நிற்கின்றது.