ஆறு தின்ற உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்து சென்றிருக்கிறீர்களா? பாத்திகளில் வெயிலில் விளைந்த உப்பு, வரப்போரங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். மழைமேகம் திரண்டால் போதும், அங்கு உழைப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். தண்ணீர் பட்ட உப்பு என்னவாகும் என்பதை அந்த ஊர்ச் சிறுபிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கழுதைகள்மேல் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இருவர் ஆற்றைக் கடந்தார்கள். நடு ஆற்றில் தாங்களும் குளித்து, கழுதைகளையும் குளிப்பாட்டினார்கள். கரையேறிப் பார்த்தால் உப்பைக் காணோம்! மூட்டையின் தையலோ பிரியவே இல்லை. அப்படியானால் ஆறுதான் உப்பைத் தின்றிருக்க வேண்டும், நம்மைத் தின்னாமல் விட்டதே பெரிது என்று மகிழ்ந்தார்களாம். பரமார்த்த குருவின் சீடன் ஒருவன் தன் பாட்டனைப் பற்றிச் சொல்லும் செய்தி இது. உப்பளத்துப் பிள்ளைதான் இதற்கு முதலில் சிரிக்கும்.

இப்படிச் சிரிக்க வைத்தவர், முப்பது வயதுவரை தமிழ் மண்ணை மிதிக்காதவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட வீரமாமுனிவர், இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவுக்கு வந்து, மறு ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். ஏலாக்குறிச்சியிலும், விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்திலும் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடியவர் அவர். 'தொன்னூல் விளக்கம்' என்ற இலக்கணமும், 1732-இல் 'சதுரகராதி'யும் தந்தவர். புலவர் அவையில் தமக்கென ஓர் இடம் பிடித்துவிட்ட இவர், ஏன் குதிரை முட்டைக் கதை எழுத வேண்டும்?

தமிழைப் புதிதாகக் கற்கும் குருக்களுக்கு வாசிப்புப் பயிற்சியாகவே இதை எழுதினார் என்று அறிஞர்கள் கூறுவர். வயதில் பெரியவர்களானாலும் மொழியில் அவர்கள் பிள்ளைகளே. தாமும் ஒரு காலத்தில் அப்படித் தட்டுத் தடுமாறியவர்தானே! எனவே காப்பியத்தில் காட்டிய அணிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பேச்சுக்கு நெருங்கிய உரைநடையில் எழுதினார். கற்ற புலவர் ஒருவருக்கு இது எளிய துறவு அன்று.

அவருடைய கைத்திறன் இன்னோர் இடத்திலும் தெரிகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் சும்மா உளறுவதில்லை. ஒவ்வொரு மடமைக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். ஆற்றைக் கடந்தபின், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறார். உடனே, ஆற்றோடு போனவருக்காக எல்லாரும் அழுகிறார்கள். படிக்கும் பிள்ளையும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறது, கதைமாந்தரைவிடத் தனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று அறிந்து மகிழ்கிறது. சிறுவர்க்கு எழுதும் பலர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு விளக்கம் சொல்லிக் கெடுத்துவிடுகிறார்கள்.

இக்கதை மடங்களையும் குருமாரையும் கேலி செய்வது என்ற குறையும் சொல்லப்படுவதுண்டு. அதை முற்றிலும் மறுக்க முடியாது. ஆனால் குரு சொன்னார் என்பதற்காக யோசியாமல் தலையாட்டும் சீடர்கள் எந்தச் சமயத்தில்தான் இல்லை?

முனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் அவர் உயிரோடிருந்தபோதே, 1738-இல், அச்சேறியது. அதை அச்சிட்டது தரங்கம்பாடியிலிருந்த லூத்தரன் அச்சகம் என்பது வியப்பு. சமயப் பூசலில் அவர் எதிர்த்து நின்றவர்கள் அவர்களே! கதைக்கோ அந்தப் பேறு அப்போது வாய்க்கவில்லை. 1747-இல் அவர் இறைவனடி சேர்ந்து 75 ஆண்டுகள் கழித்து, 1822-இல், பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அதை இலண்டனில் வெளியிட்டார். அப்போதும் அது தமிழ் கற்கும் வெள்ளையருக்கான பாடநூலாகவே இருந்தது.

பின்னர்தான் அது நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. பாட்டிமார் வாய்வழியும் படக்கதை வழியும் பரவி, யாரும் சொல்லாமலேயே சிறுவர் நூலாகிவிட்டது. சென்னை மெரினா கடற்கரையில் 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி அவருக்குச் சிலை எழுப்பினார்கள். மட்டியையும் மடையனையும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பலர், அந்தச் சிலையில் நிற்பவர் யாரென்று தெரியாமலே அதைக் கடந்து கடற்கரைக்கு ஓடுகிறார்கள்.