லாலி பிரபு

தாமஸ் ஆர்தர் லாலி (1702 – மே 9, 1766), அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுப் படைத் தளபதி ஆவார். லாலி பிரபு என்றும், லாலி தொலாந்தால் என்றும் அறியப்படுகிறார். ஏழாண்டுப் போரின்போது இந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் படைகளுக்குத் தலைமை தாங்கினார். 1758 ஆம் ஆண்டு இவர் தஞ்சாவூர் மீது படையெடுத்துத் தோல்வியுற்றார். 1760 இல் வந்தவாசிப் போரிலும் 1761 இல் புதுச்சேரி முற்றுகையிலும் ஆங்கிலேயரிடம் தோற்றார். இத்தோல்விகளுடன் இந்தியாவில் பேரரசு அமைக்கும் பிரான்சின் முயற்சி முடிவுக்கு வந்தது. பின்னர் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுப் பாரிஸ் நகரில் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்.

பிறப்பும் இளமையும்

லாலி 1702 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தென்கிழக்குப் பிரான்சில் உள்ள ரோமான் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை ஜெரால்டு லாலி அயர்லாந்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவாளராகப் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தவர். தாய் பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவ்வாறு புலம்பெயர்ந்த அயர்லாந்து வீரர்களைக் கொண்டு பிரெஞ்சு அரசர் தனிப்படை ஒன்றை அமைத்திருந்தார். அது அயர்லாந்துப் படையணி எனப்பட்டது. அப்படையணியின் சூழலிலேயே லாலி வளர்ந்தார். ஆங்கில அரசின் மீதான பகையுணர்வு இவருக்குக் குடும்பத்தின் வழியாகவே வந்தது.

ஐரோப்பியப் போர்க்களங்கள்

1721 இல் லாலி பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1734 இல் போலந்து வாரிசுரிமைப் போரில் ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போரிட்டார். 1744 இல் இவருடைய பெயரிலேயே ஒரு படைப்பிரிவு அமைக்கப்பட்டது. 1745 மே 11 அன்று நடைபெற்ற ஃபான்டநுவா போரில், முன்னேறி வந்த ஆங்கிலக் காலாட்படையை அயர்லாந்துப் படையணி தாக்கிப் பின்வாங்கச் செய்தது. இப்போரில் காட்டிய திறமைக்காக மன்னர் பதினைந்தாம் லூயி போர்க்களத்திலேயே லாலிக்குப் பிரிகேடியர் பதவி அளித்தார்.

அதன்பின் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் கிளர்ச்சிக்கு உதவ ஸ்காட்லாந்து சென்று, 1746 ஜனவரியில் ஃபால்கிர்க் போரில் பங்கேற்றார். கிளர்ச்சி தோல்வியுற்ற பின்னர்ப் பிரான்சுக்குத் திரும்பி, நெதர்லாந்துப் பகுதியில் நடந்த கோட்டை முற்றுகைகளில் பணியாற்றினார்.

அக்கால ஐரோப்பியப் போர்முறையில் கோட்டை முற்றுகை ஒரு தனிக் கலையாக விளங்கியது. தாக்குவோர் பதுங்குகுழிகளை வெட்டியவாறு மதிலை நெருங்குவர். பின்னர்ப் பெரும்பீரங்கிகளை நிறுவி மதிலில் உடைப்பு ஏற்படுத்துவர். உடைப்பு போதிய அளவு அகன்றதும் காலாட்படை அதன் வழியே உட்புகும். இம்முறை வெற்றி பெற வெடிமருந்து, உணவு, வண்டிகள், ஊதியப் பணம் ஆகியவை தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும். லாலி இக்கலையில் தேர்ந்தவர். ஆயினும் அதற்குத் தேவையான பின்புலம் அவருக்கு இந்தியாவில் ஒருபோதும் கிடைக்கவில்லை.

இந்தியாவுக்கு வருகை

1756 இல் ஏழாண்டுப் போர் தொடங்கியதும், இந்தியாவில் ஆங்கிலேயரை வெளியேற்றும் பொறுப்பு லாலியிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களின் ஊழலைக் களைவதும் அவருடைய பணியாயிற்று. இதனால் அவர் கரையிறங்கும் முன்பே புதுச்சேரி ஆட்சிக்குழுவினர் பலர் அவரை ஐயத்துடன் நோக்கினர்.

1757 மே மாதம் பிரான்சிலிருந்து புறப்பட்ட லாலி, ஏறத்தாழ ஓராண்டுக் கடற்பயணத்திற்குப் பின் 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியை அடைந்தார். வந்த உடனேயே கடலூரைக் கைப்பற்றினார். ஜூன் 2 அன்று அருகிலிருந்த புனித டேவிட் கோட்டையும் சரணடைந்தது. சென்னையைத் தாக்க அவர் விரும்பினார். ஆனால் கருவூலத்தில் பணம் இல்லை. கடற்படைத் தலைவர் தாஷேயும் உடன் வர மறுத்தார்.

சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் போதிய ஆட்கள் கிடைக்காதபோது, உள்ளூர் மக்களைச் சாதி வேறுபாடு பாராமல் கட்டாயப்படுத்தி இவ்வேலைகளில் ஈடுபடுத்தினார். அக்காலச் சமூக வழக்கங்களை மீறிய இச்செயல் மக்களிடையே கடும் வெறுப்பை உண்டாக்கியது. தேவையான பணியாளர்கள் அவரைவிட்டு விலகினர்.

தஞ்சாவூர்ப் படையெடுப்பு

பணத்தட்டுப்பாட்டைப் போக்க லாலி தஞ்சாவூரை நாடினார். அப்போது தஞ்சாவூரை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (ஆட்சி 1739–1763) ஆண்டுவந்தார். 1749 இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் தஞ்சாவூரை நெருக்கியபோது, பெருந்தொகை தருவதாக அவர் எழுதிக்கொடுத்திருந்தார். அதில் 56 லட்சம் ரூபாய் நிலுவையில் இருந்தது. அத்தொகையைக் கேட்டு லாலி 1758 ஜூன் மாதம் படையுடன் தெற்கே புறப்பட்டார்.

காரைக்காலை அடைந்தபோதே படையினர் உணவின்றி வாடினர். காவிரிப் படுகை நெல் விளையும் நாடாக இருந்தும், முன்கூட்டியே ஏற்பாடு செய்யாததால் அரிசி கிடைக்கவில்லை. மக்கள் தங்கள் கால்நடைகளையும் தானியத்தையும் கொண்டு அகன்றனர். கிளையாறுகளும் வாய்க்கால்களும் குறுக்கிட்ட நாட்டில் பீரங்கிகளை இழுத்துச் செல்வது கடினமாக இருந்தது. பிரெஞ்சுப் படை நாகூரைச் சூறையாடியது. கீழ்வேளூரில் புதையல் தேடிக் கோயிலும் குளங்களும் தோண்டப்பட்டன. எதிர்பார்த்த செல்வம் கிடைக்கவில்லை. அங்கே கோயிலைச் சேர்ந்த அந்தணர் அறுவரை ஒற்றர்கள் என ஐயுற்று, பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுக் கொல்ல லாலி ஆணையிட்டார். லாலியின் இந்திய வாழ்வில் மிகவும் கண்டிக்கப்பட்ட செயல் இதுவாகும்.

திருவாரூர் வழியாக முன்னேறிய படை ஜூலை மாதம் தஞ்சாவூரை அடைந்தது. பிரதாப சிங் பேச்சுவார்த்தை நடத்திக் காலத்தை நீட்டித்தார். அதற்குள் திருச்சிராப்பள்ளியில் இருந்த ஆங்கிலத் தளபதி கையோ சிப்பாய்களை உதவிக்கு அனுப்பினார். ஆகஸ்ட் 2 அன்று பிரெஞ்சுப் பீரங்கிகள் கோட்டையைத் தாக்கத் தொடங்கின. சில நாட்களில் மதிலில் உடைப்பும் ஏற்பட்டது.

ஆனால் ஆகஸ்ட் 3 அன்று நாகப்பட்டினத்திற்கு அப்பால் நடந்த கடற்போரில் பொக்காக் தலைமையிலான ஆங்கிலக் கடற்படை தாஷேயின் கப்பல்களைப் பின்வாங்கச் செய்தது. காரைக்காலுக்கு ஆபத்து நேரலாம் என்ற செய்தி முகாமை எட்டியது. வெடிமருந்தும் உணவும் தீரும் நிலையில் இருந்தன. எனவே போர்க்குழு கூடி, இறுதித் தாக்குதலைக் கைவிட்டுத் திரும்ப முடிவு செய்தது. இதனை அறிந்த தஞ்சாவூர்த் தளபதி மானோஜி, ஆகஸ்ட் 10 அன்று பிரெஞ்சு முகாமைத் திடீரெனத் தாக்கினார். பணியில் சேர வந்தவர்கள் போல் அணுகிய குதிரை வீரர்களின் தாக்குதலிலிருந்து லாலி மயிரிழையில் உயிர் தப்பினார். பெரும்பீரங்கிகளைக் கைவிட்டு, தஞ்சாவூர்க் குதிரைப்படை தொடர்ந்து துன்புறுத்த, பசியுடன் படை காரைக்காலுக்குத் திரும்பியது.

சென்னை முற்றுகை

1758 அக்டோபரில் ஆற்காட்டைப் பிடித்த லாலி, தக்காணத்தில் செல்வாக்குடன் இருந்த பூசியைத் தம்மிடம் வரவழைத்தார். இதனால் அங்குப் பிரெஞ்சு ஆதிக்கம் சரிந்தது. டிசம்பர் 14 அன்று சென்னையின் கறுப்பர் நகரத்தைக் கைப்பற்றிப் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். ஆளுநர் பிகட்டும் தளபதி லாரன்சும் கோட்டையைக் காத்தனர். வெளியே யூசுப் கான் (மருதநாயகம்) பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளை இடைமறித்து அலைக்கழித்தார். 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்ததால், மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

வந்தவாசிப் போரும் புதுச்சேரியின் வீழ்ச்சியும்

1759 அக்டோபரில் ஊதியம் கிடைக்காத பிரெஞ்சு வீரர்கள் கலகம் செய்தனர். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையை லாலி எதிர்கொண்டார். இரு தரப்பிலும் ஏறத்தாழ 2,000 ஐரோப்பிய வீரர்கள் இருந்தனர். போரின் நடுவே பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்ததில் அவர்களுடைய இடப்பக்க அணி குலைந்தது. அதனை மீட்க முயன்ற பூசி சிறைப்பட்டார். பிரெஞ்சுப் படை தோற்றது.

அதன்பின் பிரெஞ்சுக் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. புதுச்சேரி தரையிலும் கடலிலும் முற்றுகையிடப்பட்டது. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயல் ஆங்கிலக் கப்பல்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தபோதும், பிரெஞ்சுக் கப்பல்கள் எவையும் உதவிக்கு வரவில்லை. உணவு முற்றிலும் தீர்ந்த நிலையில் ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது. ஆங்கிலேயர் அதன் அரண்களையும் கட்டடங்களையும் இடித்துத் தள்ளினர். நகரின் பல ஆண்டு நிகழ்வுகளை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதத்தில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் காலமானார்.

விசாரணையும் மரணதண்டனையும்

போர்க் கைதியாக இங்கிலாந்து கொண்டு செல்லப்பட்ட லாலி, பிரான்சில் தம்மீது துரோகக் குற்றம் சுமத்தப்படுவதை அறிந்தார். பாதுகாப்பாக இங்கிலாந்திலேயே இருந்திருக்கலாம். ஆயினும் தம் பெயரைக் காக்க விரும்பி, உறுதிமொழியின் பேரில் விடுவிக்கப்பட்டுப் பிரான்சுக்குத் திரும்பினார். 1762 இல் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டார். புதுச்சேரியில் அவருடன் பகை கொண்டிருந்தவர்களே அவருக்கு எதிராகச் சாட்சி கூறினர். 1766 மே மாதம் பாரிஸ் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மே 9 அன்று, கூட்டத்தினரிடம் பேசிவிடாதபடி வாய் கட்டப்பட்டு, அவர் தலை துண்டிக்கப்பட்டது.

லாலியின் மகன் திரோஃபீம் ஜெரார் தம் தந்தையின் மீதான களங்கத்தை நீக்கப் பல்லாண்டுகள் போராடினார். எழுத்தாளர் வோல்டேர் இவ்வழக்கை அநீதியென வாதிட்டு எழுதினார். 1778 மே மாதம், வோல்டேர் மரணப்படுக்கையில் இருந்தபோது, அரச மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

மதிப்பீடு

லாலி துரோகி என்பதற்குச் சான்று இல்லை என்பதே பிற்கால வரலாற்றாளர்களின் பொதுவான கருத்தாகும். அவர் துணிவும் நேர்மையும் உடையவர். எனினும் முன்கோபமும் பிறரை இகழும் இயல்பும் அவரிடம் மிகுந்திருந்தன. நாட்டு மக்களின் ஒத்துழைப்பும் கடற்படையின் துணையும் பணமும் இல்லாமல் போர்த்திறமை மட்டும் வெற்றி தராது என்பதற்கு அவருடைய தஞ்சாவூர்ப் படையெடுப்பு சிறந்த எடுத்துக்காட்டாகும். தண்டனையின் அநீதி அவர்மீது இரக்கத்தை உண்டாக்கினாலும், கீழ்வேளூரில் நிகழ்ந்த கொலைகளுக்கு அது ஈடாகாது. அவருக்குத் தண்டனை விதித்த வழக்கின் அடிப்படை பிரெஞ்சு உடைமைகளின் இழப்பே; காவிரிக் கரை மக்கள் பட்ட துன்பம் அன்று. புதுச்சேரியில் லாலி தொலாந்தால் தெரு இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.