நஷ்டத்துக்கு பைக் செய்த மனுஷன்!

நீச்சல் டிரவுசர், தலையில் குளியல் தொப்பி, காலில் ஷூ. வேற எதுவும் இல்லை. பைக் மேல குப்புறப் படுத்து, ரெண்டு காலையும் பின்னாடி நீட்டிக்கிட்டு ஒருத்தர் பறக்கிற பழைய கறுப்பு வெள்ளை போட்டோ உங்க டைம்லைன்ல என்னைக்காவது வந்திருக்கும். 1948 செப்டம்பர் 13, அமெரிக்காவின் பான்வில் உப்புவெளி. ஓட்டியவர் ரோலி ஃப்ரீ. முந்தைய ஓட்டத்தில் லெதர் டிரெஸ் காத்துல கிழிஞ்சதால, கழட்டிப் போட்டுட்டே கிளம்பிட்டார். வேகம் மணிக்கு 150.313 மைல்... சுமார் 242 கி.மீ! அவரைக் கொண்டாடும் பலருக்கும், அந்த பைக்கை உருவாக்கிய பிலிப் வின்சென்ட்டைத் தெரியாது.

1908-ல் பிறந்தவர். குடும்பத்துக்கு அர்ஜென்டினாவில் மாட்டுப் பண்ணை. கையில் காசு இருந்தது. அந்தக் காலத்து பைக்குகளில் பின்பக்கம் சஸ்பென்ஷன் அபூர்வம். பள்ளத்தில் இறங்கினா முதுகு காலி! கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வெச்சு டிசைன் போட்டார் வின்சென்ட். 1928-ல், 20 வயசில், குடும்பப் பணத்தில் எச்.ஆர்.டி என்ற நொடித்துப்போன பிராண்டை வாங்கி, இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் கம்பெனி ஆரம்பிச்சுட்டார்.

இன்ஜினை வெளியே வாங்கினார். 1934 ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் அது மானத்தை வாங்கிடுச்சு. இனி நம்ம இன்ஜின்தான்னு முடிவெடுத்தார். கூட நின்றவர் ஆஸ்திரேலிய இன்ஜினீயர் ஃபில் இர்விங். 500 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின் வந்தது. அதோட ரெண்டு டிராயிங் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்ததைப் பார்த்துத்தான் இர்விங்குக்கு இரட்டை சிலிண்டர் ஐடியா பிறந்ததாம்!

அந்த வழியில், 1948-ல் வந்தது பிளாக் ஷேடோ. 998 சிசி, 55 பிஹெச்பி, டாப் ஸ்பீடு கிட்டத்தட்ட 200 கி.மீ. இன்னிக்கு விக்கிற 350 சிசி கிளாசிக் பைக்குகள் தர்றதே 20 பிஹெச்பி சொச்சம்தான். இன்ஜினுக்குக் கறுப்பு எனாமல், சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிய ஸ்பீடோமீட்டர். வழக்கமான ஃபிரேம் கிடையாது. ஆயில் டேங்க்கையே முதுகெலும்பாக்கி, இன்ஜினை அதில் தொங்கவிட்டாங்க.

ஆனா, எனக்குப் பிடிச்சது வேகம் இல்லை. ஸ்பேனரே இல்லாம பின் சக்கரத்தைக் கழட்டலாம். செயினைக் கையாலேயே டைட் பண்ணலாம். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் எல்லாத்தையும் ஓட்டுறவர் உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். தானே பைக் ஓட்டுற முதலாளிக்குத்தான் இதெல்லாம் தோணும்.

அங்கேதான் சிக்கலும். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சா செலவு எகிறாதா? விலை ஏற்கெனவே அதிகம். தரத்தைக் குறைக்க வின்சென்ட்டுக்கு மனசு வரலை. 1947-ல் ஒரு விபத்தில் தலையில் பலத்த அடி வேற. 1954-ல் கம்பெனி நஷ்டத்தில் தள்ளாட, மழை, சேறு படாதபடி உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ் மூடின மாடல்களைக் கடைசி அஸ்திரமா இறக்கினார். பலருக்குப் பிடிக்கலை. அந்த அழகான இன்ஜினை மூடி வெச்சா யாருக்குப் பிடிக்கும்?

1955 டிசம்பரோடு பைக் தயாரிப்பு நின்னுபோச்சு. ஏழு வருஷத்தில் வந்த பிளாக் ஷேடோக்கள் சுமார் 1,700 மட்டுமே. 1979-ல் வின்சென்ட் இறந்தபோது, அவர் பெயரில் பைக் வந்து 24 வருஷம் ஆகியிருந்தது.

2018-ல் லாஸ் வேகாஸில் ஒரு ஏலம். பிளாக் ஷேடோவின் ரேஸ் வடிவமான பிளாக் லைட்னிங் ஒன்று போன விலை 9,29,000 டாலர்!