ஜோன் மார்ஷல்: கொடுபடாத ஒரு நியமனக் கடிதமும் நீதிமன்றத்தின் அதிகாரமும்

க.பொ.த உயர்தர வகுப்பில் நான் அரசறிவியல் கற்பித்த காலத்தில், வலுவேறாக்கம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கெட்டிக்கார மாணவர் ஒருவராவது அதே கேள்வியைக் கேட்பார். காங்கிரஸ் இயற்றும் சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கும் அதிகாரத்தை அமெரிக்க யாப்பின் எந்த உறுப்புரை நீதிமன்றத்துக்குக் கொடுத்தது? அப்படி வெளிப்படையாகச் சொல்லும் உறுப்புரை எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஜோன் மார்ஷல் என்ற மனிதரின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1755 செப்டம்பர் 24இல் வேர்ஜீனியாவின் எல்லைப்புறப் பகுதியில் பதினைந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். சுதந்திரப் போரில் வொஷிங்டனின் படையில் இருந்தார். சட்டத்தை முறையாகப் படித்தது மிகக் குறுகிய காலமே. சட்டத்தரணி, காங்கிரஸ் உறுப்பினர், இராஜாங்கச் செயலாளர் என்று உயர்ந்தவரை, 1801 ஜனவரியில் ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் பிரதம நீதியரசராக நியமித்தார். அந்தப் பதவி முதலில் ஜோன் ஜேயிடம்தான் கேட்கப்பட்டது. அந்த நீதிமன்றத்துக்குக் கனமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அவர் கருதியதிலும் உண்மை இருந்தது. உயர் நீதிமன்றத்துக்கென்று ஒரு கட்டடம்கூட இல்லை. காங்கிரஸ் கட்டடத்தின் ஒரு சிறிய அறையில்தான் அமர்வுகள் நடந்தன.

அடம்ஸ் தேர்தலில் தோற்றிருந்தார். பதவி விலகும் முன் தன் கட்சிக்காரர் பலரை நீதித்துறைப் பதவிகளுக்கு நியமித்தார். சமாதான நீதவான்களுக்கான கடிதங்களுக்கு முத்திரையிட்டது, இன்னமும் இராஜாங்கச் செயலாளராகவும் இருந்த மார்ஷல்தான். அவசரத்தில் சில கடிதங்கள் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. 1801 மார்ச் 4இல் பதவியேற்ற தோமஸ் ஜெபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தார். ஜெபர்சன் மார்ஷலின் தூரத்து உறவினர். இருவருக்கும் ஒருவரையொருவர் அறவே பிடிக்காது. கடிதம் கிடைக்காத வில்லியம் மார்பரி நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

கடிதம் போய்ச் சேராமைக்குப் பொறுப்பான ஒருவரே அந்த வழக்கை விசாரித்தார். இன்றென்றால் அந்த நீதியரசர் விலகியிருக்க வேண்டும் என்பேன். ஆனால் அவர் மாட்டிக்கொண்ட இடத்தையும் பாருங்கள். கடிதத்தைக் கொடு என்று கட்டளையிட்டால் ஜெபர்சன் அதைக் கணக்கெடுக்கப் போவதில்லை. நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணப்பெட்டியும் இல்லை. வழக்கைத் தள்ளினால் பயந்துவிட்டதாகப் பேச்சு வரும். காங்கிரஸோ 1802இல் நீதிமன்றத்தின் அமர்வுக் காலத்தையே மாற்றி, ஓராண்டுக்கு மேல் அதைக் கூடவிடாமல் செய்திருந்தது.

1803 பெப்ரவரி 24இல் தீர்ப்பு வந்தது. மார்பரிக்குக் கடிதம் பெறும் உரிமை உண்டு, அதை மறுத்தது தவறு. ஆனால் இத்தகைய வழக்கை நேரடியாக ஏற்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த 1789ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு யாப்புக்கு முரணானது. ஆகவே அது செல்லாது. மார்பரிக்குக் கடிதம் கிடைக்கவில்லை. ஜெபர்சன் மீறுவதற்குக் கட்டளை எதுவும் இல்லை. கையிலிருந்த சிறிய அதிகாரத்தை வேண்டாமென்று விட்டு, சட்டங்களை யாப்போடு உரசிப் பார்க்கும் பெரிய அதிகாரத்தை மார்ஷல் எடுத்துக்கொண்டார். (நமது 1978 யாப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி, சான்றுப்படுத்தப்பட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. மாணவர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

ஜெபர்சனின் கட்சி சும்மா இருக்கவில்லை. நீதியரசர் சாமுவேல் சேஸுக்கு எதிராகப் பிரதிநிதிகள் சபை குற்றப் பிரேரணை நிறைவேற்றியது. அடுத்த இலக்கு மார்ஷல்தான் என்று பலர் நம்பினார்கள். 1805இல் செனட் சபையில் இருந்த 34 பேரில் மூன்றில் இரண்டுக்கு 23 வாக்குகள் தேவைப்பட்டன. எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் கிடைக்கவில்லை. ஜெபர்சனின் கட்சிக்காரர் சிலரே எதிர்த்து வாக்களித்தனர். தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக நீதியரசரை வீட்டுக்கு அனுப்பும் வழி அன்றோடு அடைபட்டது.

1807இல் ஆரன் பர் மீதான தேசத்துரோக வழக்கில், ஆவணங்களுடன் வருமாறு ஜனாதிபதிக்கே அழைப்பாணை விடுத்தார் மார்ஷல். ஜெபர்சன் நேரில் வரவில்லை, ஆவணங்களை அனுப்பினார். 1974இல் நிக்சன் ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த நீதிமன்றம் இந்த வழக்கைத்தான் துணைக்கு எடுத்தது.

ஆனாலும் இவரைப் புனிதராக்க எனக்கு மனமில்லை. வாழ்நாள் முழுவதும் அடிமைகளை வாங்கி வைத்திருந்தார். அடிமை வியாபாரம் நாடுகளுக்கிடையிலான சட்டத்துக்கு மாறானதல்ல என்று 1825இல் தீர்ப்பெழுதினார். யாப்பைக் காப்பாற்றிய பேனாவுக்கு அந்த மனிதர்கள் தெரியவில்லை.

1832இல் செரோக்கி மக்களின் நிலத்தில் ஜோர்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜோர்ஜியா அதை மதிக்கவில்லை. ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சனும் அதை நடைமுறைப்படுத்த அசையவில்லை. 1838இல் அம்மக்கள் துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மார்ஷல் அதைப் பார்க்க இருக்கவில்லை. 34 ஆண்டுகள் பதவியிலிருந்து, 1835 ஜூலை 6இல் பிலடெல்பியாவில் இறந்தார்.

ரிச்மண்டில் மனைவிக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை வாசகத்தை இறப்பதற்குச் சற்று முன் அவரே எழுதிவைத்தார். பெற்றோர் யார், எப்போது பிறந்தார், யாரை எப்போது மணந்தார், எப்போது இறந்தார் என்பதோடு அது முடிகிறது. பிரதம நீதியரசராக இருந்ததை அவர் அதில் குறிப்பிடவில்லை.