அஜாதசத்துரு: சேர்க்கை விளைத்த தீமை

மகத மன்னன் அஜாதசத்துருவைத் தந்தையைக் கொன்ற பாதகனென்று மட்டுமே நாம் நினைப்பது வழக்கம். அப்பாதகத்தை அவன் எவரிடம் கற்றான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவன் தந்தை பிம்பிசாரன், பகவான் புத்தரின் உபாசகன். இராஜகிருகத்து வேணுவனத்தைச் சங்கத்திற்கு ஈந்தவன். அத்தகையோன் இல்லத்தில் வளர்ந்த இளவரசனைத் தேவதத்தன் அணுகினான். பாம்புகளை அரைஞாணாக அணிந்த சிறுவனாய் அவன் மடியில் தோன்றி வியப்பூட்டினான் என்று வினய பிடகம் கூறும். மயங்கிய இளவரசன் நாள்தோறும் 500 பானை உணவு அனுப்பலானான். மனித வாழ்நாள் குறுகியதாகலின் தந்தையைக் கொன்று அரசனாகுமாறும், தான் ததாகதரைக் கொன்று அவரிடத்தை அடைவதாகவும் தேவதத்தன் போதித்தான். தொடையில் குறுவாளைக் கட்டி அரண்மனைக்குள் நுழைந்த இளவரசன் பிடிபட்டான். தந்தையோ தண்டியாது, அரசையே அவனுக்கு அளித்தான்.

அதன் பின்னரும் தேவதத்தன் தூண்ட, அவன் தந்தையைச் சிறையிலிட்டு உணவை மறுத்தான். பிம்பிசாரன் மாண்ட நாளிலேயே அஜாதசத்துருவுக்கு உதயபத்திரன் பிறந்தான் என்று அட்டகதை கூறும். மகப்பேற்றுச் செய்தியே முதலில் வந்தது. பிள்ளைப் பாசத்தை உணர்ந்தவன் தந்தையை விடுவிக்கக் கட்டளையிட்டான். அதற்குள் மரணச் செய்தியும் வந்தது. இளமையில் அவன் விரற்புண்ணின் சீழைத் தந்தை தன் வாயால் உறிஞ்சிய வரலாற்றைத் தாய் அப்பொழுது கூறினாள். அன்பு இருந்தும், அதைக் காணவொட்டாமல் தீய நட்பு மறைத்திருந்தது.

அவனை நல்வழியில் செலுத்தியதும் ஒரு நட்பே. கார்த்திகைப் பௌர்ணமி இரவில் மருத்துவன் ஜீவகன் அவனைத் தன் மாந்தோப்புக்கு அழைத்துச் சென்றான். அங்கே 1,250 பிக்ஷுக்கள் இருந்தும் ஒலி எழவில்லை. பகைவரிடம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறானோ என்று மன்னன் நடுங்கினான். வஞ்சகம் பயின்றவனுக்கு எங்கும் வஞ்சகமே தோன்றும். தெளிந்த ஏரிபோல் அமர்ந்த சங்கத்தைக் கண்டதும், தன் மகனுக்கும் அவ்வமைதி வாய்க்க வேண்டுமென்று விரும்பினான். தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சரணம் புகுந்தான். எனினும், தந்தையைக் கொன்றிராவிடில் அவ்விடத்திலேயே அவன் தர்மக்கண் பெற்றிருப்பான் என்று பகவான் பின்னர் அருளினார். பரிநிர்வாணத்திற்குப் பின் சப்தபர்ணிக் குகையில் கூடிய முதற் சங்காயனத்தைப் புரந்தவன் இம்மன்னனே.

ஆயினும், அவன் இட்ட வித்து முளைத்தது. உதயபத்திரன் அஜாதசத்துருவைக் கொன்றான். அனுருத்தன், முண்டன், நாகதாசகன் ஆகியோரும் முறையே தம் தந்தையரைக் கொன்றே அரசேறினர் என்று மகாவம்சம் கூறும். மக்கள் வெகுண்டு அக்குலத்தை நீக்கி, அமைச்சன் சுசுநாகனை அரசனாக்கினர். தேவதத்தனை அறியாத அம்மன்னருக்குத் தம் இல்லமே பள்ளியாயிற்று.

குற்றம் பிறவிக்குணமன்று, நெருங்கிப் பழகுவோரிடம் கற்கப்படுவது என்னும் கோட்பாட்டை 1939-இல் அமெரிக்கச் சமூகவியலறிஞர் எட்வின் சதர்லண்டு தம் குற்றவியல் நூலில் வெளியிட்டார். கலியாண மித்திரரை நாடுக, பாப மித்திரரை விலக்குக என்னும் நம் தர்மத்திற்கு இது புதிதன்று. கற்றவனுக்கும் பொறுப்புண்டு, செய்த வினையின் பயன் அவனை விடுவதில்லை. ஆனால், வழி தவறிய இளைஞனைத் தேவதத்தர்களிடமே விட்டுவிட்டுப் பழிப்பது நமக்கு அழகன்று. அவனைக் கைப்பிடித்து மாந்தோப்புக்கு அழைத்துச் செல்லும் ஜீவகர்களாக நாம் இருத்தல் வேண்டும். அதுவும் காலம் கடவாமுன் செய்தல் வேண்டும்.