ஒற்றைக் கட்டில் டாக்டரம்மா

நீங்கள் அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்களா? சீட்டு எழுதித் தருபவர் டாக்டர். ரத்தத்தைச் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்து தருபவர், மடங்காத முழங்காலை மெல்ல மடக்கப் பழக்குபவர், இவர்களெல்லாம் யார்? ஒவ்வொருவரும் அந்த வேலைக்கென்றே தனியாகப் படித்தவர்கள். டாக்டர் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி நடக்காது என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டவர் ஐடா ஸ்கடர்.

1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா டாக்டர். ஐடாவுக்கோ அமெரிக்காவிலேயே வாழ ஆசை. அங்கே படித்துவிட்டு, உடல்நலமில்லாத அம்மாவுக்கு உதவத் திண்டிவனம் வந்திருந்தார். ஒருநாள் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வலியில் துடித்தார்கள். ஆண் டாக்டர் வரக்கூடாது, பெண்தான் வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

அந்த இரவுதான் ஐடாவை மாற்றியது. 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டு வேலூர் வந்தார். (சேலத்தில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடி வருமே, அதையடுத்த ஊர்தான்.) சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். வீட்டில் ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கட்டில். அதுதான் ஆஸ்பத்திரி! இரண்டே ஆண்டுகளில் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902ஆம் ஆண்டு 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை எழுந்தது.

கட்டடம் வந்துவிட்டது, கைகள் வேண்டாமா? மருந்து கலக்க, புண்ணுக்குக் கட்டுப் போட, கத்தி, ஊசிகளைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்ய ஆள் இல்லை. மருந்தின் அளவு தவறினால் உயிரே போய்விடுமே! அதனால் 1903ஆம் ஆண்டு கம்பவுண்டர் பயிற்சியைத் தொடங்கினார். (என் சிறுவயதில் ஊரில் கம்பவுண்டரையே டாக்டர் என்று நினைத்துக் கும்பிடுவோம்.) நோயாளியைத் தொட்டுத் துடைப்பது இழிவு என்று பலர் எண்ணிய காலத்தில், 1909ஆம் ஆண்டு நர்ஸ் பள்ளியும் வந்தது.

வரிசையைக் கவனித்தீர்களா? டாக்டர் படிப்பு அதற்குப் பிறகுதான், 1918ஆம் ஆண்டு! பெண்களுக்கான அந்தப் பள்ளிக்கு மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிசயம் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். வந்த விண்ணப்பங்களோ 151. 1922ஆம் ஆண்டு 14 பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

1946ஆம் ஆண்டு அங்கே நர்ஸ் படிப்புக்குப் பட்டமும் கிடைத்தது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் கண்மூடினார் ஐடா. ஒற்றைக் கட்டிலில் தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. எக்ஸ்ரே, பரிசோதனைக்கூடம், பிசியோதெரபி என்று பல படிப்புகள் இன்று அங்கே இருக்கின்றன. பிளஸ் டூவில் உயிரியல் படித்த நம் சேலம், நாமக்கல் அக்கா, அண்ணன்களும் இந்தப் படிப்புகளில் சேரலாம்.