இறைவன் தந்த கொடை

ஆஸ்திரியா நாட்டில் ரோராவ் எனும் சிற்றூர் உள்ளது. அங்கு 1732ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஜோசப் ஹைடன் பிறந்தார். அவருடைய தந்தை வண்டிச் சக்கரங்கள் செய்யும் தொழிலாளி. தாயார் திருமணத்திற்கு முன்பு ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை செய்தவர். இருவரும் கத்தோலிக்கச் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்கள். தந்தைக்கு இசைக் குறியீடுகளைப் படிக்கத் தெரியாது. ஆயினும், மாலை வேளைகளில் ஹார்ப் எனும் நரம்புக் கருவியை மீட்டுவார். குடும்பத்தினர் சேர்ந்து பாடுவர். சிறு வயது ஹைடன் இரண்டு குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வயலின் வாசிப்பதுபோல் பாவனை செய்வார்.

மகனிடம் இசைத்திறன் இருப்பதைப் பெற்றோர் உணர்ந்தனர். அதனை வளர்க்க அவ்வூரில் வழியில்லை. எனவே, ஏறத்தாழ ஆறு வயதில் ஹைன்பர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த உறவினரிடம் அவரை அனுப்பினர். அங்கே ஹைடன் பல இசைக்கருவிகளைக் கற்றார். ஆனால், அங்கு அவருக்கு உணவைவிட அடியே அதிகமாகக் கிடைத்தது. இருப்பினும், தமக்குக் கடும் உழைப்பைப் பழக்கிய அந்த ஆசிரியரை அவர் பிற்காலத்தில் நன்றியுடனேயே நினைவுகூர்ந்தார்.

1740இல் வியன்னா நகரின் புனித ஸ்தேவான் பேராலயப் பாடகர் குழுவில் ஹைடன் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருடைய இனிய குரல் அனைவரையும் கவர்ந்தது. ஆனால், வளர வளர அக்குரல் உடைந்தது. 1749இல் அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 17. கையில் காசு இல்லை; தங்க இடமும் இல்லை. அந்நிலையில் ஸ்பாங்லர் எனும் ஏழைப் பாடகர் அவருக்குக் கைகொடுத்தார். மனைவியோடும் குழந்தையோடும் தாம் வாழ்ந்த சிறிய இருப்பிடத்திலேயே ஹைடனுக்கும் இடமளித்தார்.

குரலை இழந்த ஹைடன் இசையைக் கைவிடவில்லை. பிறகு, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த சிற்றறையில் குடியேறினார். பகலில் சிறுவர்களுக்கு இசை கற்பித்தார். ஆலயங்களில் வயலின் வாசித்தார். இரவில் கண்விழித்து இசையமைப்பைப் பயின்றார். போர்போரா எனும் இத்தாலிய இசையமைப்பாளரிடம் பணியாளராகவும் சேர்ந்தார். அவருடைய காலணிகளைத் துடைக்கும் வேலையைக்கூட இழிவாக எண்ணவில்லை. அங்குக் கிடைத்த இசை நுட்பங்களையே பெரிதாகக் கருதினார்.

1761ஆம் ஆண்டு எஸ்தர்ஹாசி இளவரசரின் அரண்மனையில் ஹைடனுக்கு வேலை கிடைத்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அக்குடும்பத்தின் இசைக்குழுவை அவர் வழிநடத்தினார். உயர்ந்த நிலையை அடைந்தபோதும் தமக்கு உதவியவர்களை அவர் மறக்கவில்லை. 1768இல் ஸ்பாங்லரின் மகளை அரண்மனைப் பாடகியாகச் சேர்த்துக்கொண்டார்.

தம் குழுவினரின் துயரத்தையும் ஹைடன் தம்முடையதாகவே எண்ணினார். 1772இல் இளவரசர் தம் கோடைகால மாளிகையில் நெடுநாள் தங்கிவிட்டார். கலைஞர்கள் குடும்பத்தைப் பிரிந்து வாடினர். ஹைடன் வாதாடவில்லை, ஒரு சிம்பொனியை இயற்றினார். அதன் இறுதிப் பகுதியில் கலைஞர்கள் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து, தம் முன்னிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு வெளியேறினர். குறிப்பை உணர்ந்த இளவரசர், அவர்கள் வீடு திரும்ப வழிசெய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

திறமை தமக்கு மட்டுமே உரியது என்று ஹைடன் கருதியதில்லை. மொசார்ட் அவரைவிட 24 வயது இளையவர். அவ்விளைஞரைத் தமக்குத் தெரிந்த இசையமைப்பாளர்களுள் மிகச் சிறந்தவர் என்று ஹைடன் அவருடைய தந்தையிடமே மனமாரப் பாராட்டினார். 1787இல் பிராக் நகரிலிருந்து இசை நாடகம் ஒன்று கேட்டு அழைப்பு வந்தது. அத்துறையில் மொசார்ட்டுக்கு நிகராகத் தம்மால் நிற்க இயலாது என்று கூறி, ஹைடன் அவ்வாய்ப்பை ஏற்க மறுத்தார்.

1791இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். இலண்டன் மக்கள் அவரைக் கொண்டாடினர். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. ஆயினும், அவருடைய பழக்கங்கள் மாறவில்லை. தம் இசைப்படிகளின் தொடக்கத்தில் ஆண்டவரின் பெயரால் என்றும், முடிவில் இறைவனுக்கே புகழ் என்றும் இலத்தீனில் எழுதுவது அவர் வழக்கம். இசையமைக்கும்போது தடை ஏற்பட்டால், செபமாலையைக் கையிலெடுத்து அறையில் நடந்தபடி வேண்டுவார். புதிய எண்ணங்கள் பிறக்கும். உலகம் படைக்கப்பட்டதைப் போற்றும் படைப்பு எனும் பேரிசையை இயற்றிய காலத்தில், நாள்தோறும் முழங்காலிட்டு இறைவனிடம் ஆற்றலை வேண்டினார்.

1808ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் வியன்னா பல்கலைக்கழக மண்டபத்தில் அப்பேரிசை இசைக்கப்பட்டது. முதுமையால் தளர்ந்திருந்த ஹைடனை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தனர். இருளில் ஒளி தோன்றும் பகுதி முழங்கியதும் மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. ஹைடன் நடுங்கும் கைகளை மேலே உயர்த்தி, அது தம்மிடமிருந்து அன்று, மேலிருந்தே வந்தது என்று உணர்த்தினார். அவருடைய முன்னாள் மாணவரான பீத்தோவன் குனிந்து அவருடைய கையில் முத்தமிட்டார்.

மறு ஆண்டு மே 31ஆம் நாள், தம் 77ஆம் வயதில் ஹைடன் காலமானார். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை உலகிற்கு வழங்கியவர் அவர். தம் திறமையை இறைவன் தந்த கொடையாக எண்ணியதால், அதனை உழைப்பால் வளர்த்தார், பிறருக்காகப் பயன்படுத்தினார், கைதட்டல் எழுந்த வேளையிலும் கொடுத்தவரை மறவாமல் இருந்தார்.